பங்களா இல்லாத பங்களா மலை: ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தேடலும் எழுத்தும் பழக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"எங்கள் தோட்டம் மிகவும் அழகானது. பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலைச் செடிகள் காட்சி தருகின்றன."

இலங்கையின் மலையகத்தில் நான் படிப்பிக்கும் பாடசாலையில், தரம் 4 பிள்ளைகள் 28 பேரின் கொப்பியிலும் இந்த இரண்டு வசனமும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருந்தன. அதில் ஒருத்தியின் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) கூரைத் தகரம் முந்திய வாரக் காற்றில் பறந்துபோயிருந்தது. அவளும் பச்சைக் கம்பளம்தான் விரித்திருந்தாள். கோபப்படவும் வழியில்லை, ஏனென்றால் அந்த வசனங்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவளே நான்தான்.

பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவர்களுக்கு அந்தக் கட்டுரையில் சொல்ல எதுவும் இல்லை. ஒரு விஷயத்தைத் தானே போய்ப் பார்த்து, கேட்டு, கண்டுபிடித்து வந்த பிள்ளை, இடைவேளையில் வாய் மூடாமல் அதைச் சொல்லும். அந்தப் பேச்சைத் தாளில் இறக்குவதுதான் நம் வேலை. அதனால் தேடலையும் எழுத்தையும் இரண்டு பாடமாகப் பிரிக்காமல் ஒரே வேலையாக எடுத்துக்கொண்டு, 8 வாரம், வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்று நான் செய்துபார்த்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தரம் 3 முதல் 5 வரை படிப்பிக்கிறவர்களுக்கும், தோட்டத்தில் மாலை வகுப்பு நடத்துகிற தம்பி தங்கைகளுக்கும் இது பயன்படும். தரம் 5 என்றால் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை யாரும் உங்களைச் செய்ய விடமாட்டார்கள், அந்தச் சண்டைக்குப் போகாதீர்கள். தரம் 4இன் இரண்டாம் தவணைதான் நல்ல காலம்.

தேவையான பொருட்கள் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய கொப்பிகளில் மிஞ்சிய தாள்கள், பென்சில், நூல், ஒரு சவர்க்காரப் பெட்டி, மாவுப் பசை, நாலைந்து டிமை பேப்பர் (பெரிய தாள்). உங்கள் கையில் ஒரு ஃபோன் இருந்தால் போதும்.

முதல் படி: கேள்வியைப் பிடிப்பது

தலைப்புக் கொடுக்காதீர்கள், கேள்வி கொடுங்கள். "தேயிலை" தலைப்பு. "ஒரு கிலோ தேத்தூளுக்கு எத்தனை கிலோ கொழுந்து வேண்டும்?" கேள்வி. முதலாவதை வைத்துப் பிள்ளை பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதும். இரண்டாவதற்கு ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்யும் மாமாவிடம் போயே ஆகவேண்டும். (கிட்டத்தட்ட நாலரை முதல் ஐந்து கிலோ. ஆனால் இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.)

நல்ல கேள்வியா என்று பார்க்க நான் மூன்று சோதனை வைத்திருக்கிறேன். பிள்ளை நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் விஷயம் இருக்கவேண்டும். அதைப் பற்றிச் சொல்ல உயிரோடு ஓர் ஆளாவது இருக்கவேண்டும். மூன்றாவது, இதுதான் முக்கியம், பதில் உங்களுக்கும் தெரியாமல் இருக்கவேண்டும். டீச்சருக்குப் பதில் தெரியும் என்று பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிட்டால் கதை முடிந்தது, தேடுவதை விட்டுவிட்டு உங்கள் முகத்தை வாசிக்க ஆரம்பிப்பார்கள்.

எங்கள் வகுப்பில் கேள்வி தானாக வந்தது. தலவாக்கலைப் பக்கத்தில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு மேலே ஏழாம் நம்பர் மலை இருக்கிறது. ஒஃபீஸ் கணக்கில்தான் அது ஏழாம் நம்பர். ஊரில் எல்லாருக்கும் அது பங்களா மலை. ஒரு பையன் கேட்டான், "டீச்சர், அங்கதான் பங்களாவே இல்லையே?" நான் 11 வருடம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருநாளும் யோசித்ததில்லை.

உங்கள் ஊரிலும் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். நம் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர், ஒன்று துரைமார் வைத்தது, மற்றது நம் ஆட்கள் வைத்தது. ஹொலிரூட், எடின்பரோ, பெல்மோரல், டன்சினன் என்று மலைநாட்டில் ஸ்கொட்லாந்துப் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. அந்தப் பெயர்கள் எப்படி இங்கே வந்தன என்பதே ஒரு வருடத்துக்குப் போதும். பெயர் வேண்டாம் என்றால் பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம், பழைய பிள்ளைக்காம்பரா (வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம்) எங்கே இருந்தது என்று கேட்கலாம், கோயிலில் காமன் கூத்து கடைசியாக எப்போது ஆடினார்கள், யார் யார் வேஷம் கட்டினார்கள் என்று கேட்கலாம்.

தவிர்க்கவேண்டியவையும் உண்டு. "தேயிலையின் வரலாறு" மாதிரிப் பெரியவை பத்து வயதுக்குப் பிடிபடாது. "ஏன் சம்பளம் குறைவு?" நியாயமான கேள்விதான், ஆனால் அதைக் கேட்கப்போன பிள்ளையின் பெயர் அடுத்த நாள் பிரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்தில்) அடிபடும். பிள்ளையை முன்னால் அனுப்பிவிட்டு நாம் பின்னால் நிற்கக்கூடாது.

இரண்டாம் படி: மூன்று பத்தித் தாள்

ஒரு டிமை பேப்பரில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி (நிரல்) கீறுங்கள். தெரிந்தது, தெரிய வேண்டியது, தெரிந்துகொண்டது என்று இதை உலகம் முழுக்கச் செய்கிறார்கள்; 1986இல் டோனா ஓகிள் என்ற அமெரிக்கக் கல்வியாளர் எழுதிப் பரவிய முறை. நான் முதல் பத்தியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டேன். "தெரிந்தது" என்று கேட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் கை தூக்குவார்கள். "நினைக்கிறது" என்று கேட்டால் எல்லாரும் பேசுவார்கள். பேய் பங்களா, தங்கப் புதையல், வெள்ளைக்காரனின் சமாதி, எல்லாம் வந்தது, எல்லாவற்றையும் எழுதினேன். பின்னால் ஒவ்வொன்றையும் வெட்டும்போது கிடைக்கிற சந்தோஷத்துக்காகவே எழுதிவைக்க வேண்டும்.

நடுப்பத்தியில் கேள்விகள். "இருந்ததா, இல்லையா" என்று முடிகிற கேள்வியை "எப்படி", "எப்போது", "யார்" என்று திருப்பிப்போடப் பழக்குங்கள். ஒரு பாடவேளை முழுக்க இதற்கே போகும், போகட்டும்.

மூன்றாம் படி: போய்ப் பார்ப்பது

கொழுந்து மலைக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் அதிபரிடமும் தோட்ட ஒஃபீஸிலும் முதலில் சொல்லிவிடுங்கள். மருந்தடிக்கும் நாளில் போகாதீர்கள். குளவிக் கூடு எங்கே இருக்கிறது என்று அங்கே வேலை செய்யும் அக்காமாரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், இது விளையாட்டில்லை. இரத்தம் குடிக்கும் அட்டைக்கு உப்புப் பொட்டலம் கொண்டுபோங்கள்.

அங்கே போனதும் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் "பார்த்தது", வலப்பக்கம் "நினைத்தது". இது லேசாகத் தெரியும், ஆனால் பெரியவர்களுக்கே வராத பழக்கம். "பழைய படி" என்று ஒருத்தி இடப்பக்கத்தில் எழுதினாள். பழையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். யோசித்தாள், "பாசி பிடிச்சிருக்கு, ஓரம் உடைஞ்சிருக்கு" என்றாள். அந்த இரண்டும் இடப்பக்கம், "பழைய" வலப்பக்கம்.

நாலு கருங்கல் படி, அதற்கு மேலே வெறும் தேயிலை, பக்கத்தில் வரிசையாக மூன்று சைப்ரஸ் மரம். அதுதான் நாங்கள் கண்டது. காட்டில் தானாக முளைத்த மரம் வரிசையில் நிற்காது என்று ஒருவன் சொன்னபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அளக்கவும் சொல்லுங்கள். காலடியால், சாணால், நூலால். மழை பற்றிய கேள்வி என்றால், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள போத்தலோ டின்னோ வெளியே வைத்து, தினமும் காலையில் அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழைமானி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை கொட்டும்போது பதுளை, பசறைப் பக்கம் வெயில் காயும்; வருடக் கடைசியில் வடகீழ் மழை அங்கே. அந்தப் பக்கம் உங்களுக்கு ஒரு டீச்சர் சிநேகிதம் இருந்தால் இரண்டு வகுப்பும் அளவுகளை மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், தடைசெய்த சொற்கள் என்று ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அழகான, இனிமையான, மகிழ்ச்சியான, பச்சைக் கம்பளம். எட்டு வாரத்துக்கு யாருக்கும் அனுமதியில்லை, டீச்சருக்கும்.

நாலாம் படி: ஆட்களிடம் கேட்பது

மலையகத்தில் நம் கதைகளில் பெரும்பகுதி புத்தகத்தில் ஏறவில்லை, ஆட்களின் வாயில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் படியை அவசரப்படுத்தாதீர்கள், இரண்டு வாரம் கொடுங்கள்.

முதலில் வகுப்பிலேயே நடித்துப் பழகுங்கள். நீங்கள் தாத்தா, பிள்ளை கேட்கிறவர். ஒரு தடவை ஒரு சொல்லில் பதில் சொல்லி வெறுப்பேற்றுங்கள், ஒரு தடவை கேட்டதை விட்டுவிட்டு மாட்டைப் பற்றிப் பேசுங்கள். நிஜத்திலும் இதுதான் நடக்கும். "பிறகு என்ன நடந்துச்சு?" "அத நீங்க பார்த்தீங்களா, இல்ல யாரும் சொன்னாங்களா?" என்ற இரண்டு கேள்வியும் கைவசம் இருந்தால் பிள்ளை எந்தத் தாத்தாவையும் சமாளித்துவிடும்.

நேரம் முக்கியம். வேலை விட்டு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டுகிற நேரத்தில் ஓர் அம்மாவிடம் போய்க் கேள்வி கேட்டால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்திருக்கும் அம்மாயி, அப்பாயி, பென்சன் வாங்கின தாத்தாமார், இவர்கள்தான் நம் நூலகம். இரண்டு இரண்டு பேராக அனுப்புங்கள், ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. போனதும் "இதை எழுதலாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் கொப்பியை மூடிவிட வேண்டும்.

மூடவேண்டிய நேரம் வேறுவிதமாகவும் வரும். பங்களா மலை பற்றிக் கேட்கப்போன இரண்டு பிள்ளைகளிடம் ஓர் அம்மாயி 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிய தன் அக்காவைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டார். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த அந்தச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனை வீடுகளைப் பிரித்தது என்று நமக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் கொப்பியை மூடிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறேன், யாராவது அழுதால் எழுதாதே, பக்கத்தில் இரு, தண்ணீர் கொடு. சாதி பற்றியும் பிரஜாவுரிமைக் கடுதாசி பற்றியும் தாங்களாகக் கேட்கக்கூடாது என்றும் சொல்கிறேன்.

குறிப்பெடுப்பது எப்படி? நம் பிள்ளைகளுக்கு இதற்குப் பாடமே வேண்டாம், கொழுந்து எடுப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ரெண்டு இலை, ஒரு குருத்து. கிளையை முறித்துப்போட்டால் கங்காணி விடுவாரா? அதே மாதிரி ஒரு பேச்சுக்கு மூன்று சொல்லுக்கு மேல் எழுதாதே. "அம்மாயி சின்னப்பிள்ளையா இருக்கும்போது அந்தப் பங்களாவுல ஒரு வெள்ளைக்காரத் துரை நாய் வளர்த்துக்கிட்டு இருந்தாரு" என்பது தாளில் "துரை, நாய், அம்மாயி சின்னவயசு" என்று வரவேண்டும். முழுசாக எழுதப் பார்க்கிற பிள்ளை அடுத்த வசனத்தைக் கேட்காது. வந்தவுடன், அன்றைக்கே, அந்த மூன்று சொல்லை வைத்து இருவரும் சேர்ந்து முழுக்கதையையும் ஒருவருக்கொருவர் சொல்லிப்பார்க்க வேண்டும். அடுத்த நாளைக்கு வைத்தால் கொழுந்து வாடிவிடும்.

ஐந்தாம் படி: புத்தகம், வரைபடம், ஃபோன்

பாடசாலை நூலகம் என்பது அநேகமாகப் பூட்டிய ஓர் அலுமாரி. திறப்பை வாங்குங்கள். புத்தகம் தொலையும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கொப்பியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். அலுமாரிக்குள்ளே கறையான் தின்னும் புத்தகமும் தொலைந்த புத்தகம்தான்.

உள்ளடக்கப் பக்கத்தைப் பார்த்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கும் போட்டி வையுங்கள், சுற்றாடல் பாடப்புத்தகமே போதும். அப்புறம் அகராதி. இதில் பெரியவர்களே சறுக்குவார்கள். நம் அகராதியில் புள்ளி வைத்த எழுத்துத்தான் முன்னால் வரும், அதனால் "அக்கா" முதலில், "அகம்" பிறகு. கூ முடிந்து கெ, கே, அதற்குப் பிறகுதான் கை. பிள்ளைகளின் பெயர்களையே சீட்டில் எழுதி அகரவரிசையில் நிற்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் வகுப்பில் கவிதாவுக்கும் கவின்ராஜுக்கும் யார் முன்னால் என்று அடிதடிக்கே போனது. (தாவா, னவா? மெய்வரிசையில் த முன்னால், ன கடைசி. கவிதா ஜெயித்தாள்.)

வரைபடம் கிடைத்தால் விடாதீர்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடம் நாடு முழுவதையும் 92 தாள்களில் காட்டுகிறது. உங்கள் பகுதித் தாள் ஒன்றே போதும். இரண்டு சென்றிமீற்றர் ஒரு கிலோமீற்றர் என்று சொல்லிவிட்டு, பாடசாலையிலிருந்து டவுன் வரைக்கும் நூலால் அளக்கச் சொல்லுங்கள், கணிதப் பாடமும் முடிந்தது.

இணையத்தில் தேடுவதை உங்கள் ஃபோனில், உங்கள் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். நூலகம் என்ற இணையத்தளத்தில் மலையகம் பற்றிய பழைய இதழ்களும் மலர்களும் தமிழிலேயே வாசிக்கக் கிடைக்கின்றன, 2005இலிருந்து தன்னார்வலர்கள் சேர்த்துவரும் பொக்கிஷம் அது. ஊர்ப்பெயரைத் தேடும்போது இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடப் பழக்குங்கள், ஒருவர் தலவாக்கலை என்பார், இன்னொருவர் தலவாக்கொல்லை என்பார். இப்போது கேட்டால் உடனே பதில் எழுதித் தருகிற செயலிகளும் வந்துவிட்டன. ஒரு தரம் வகுப்பிலேயே அதனிடம் பங்களா மலை பற்றிக் கேட்டுக் காட்டினேன். பூந்தோட்டத்தோடு ஒரு பங்களாவையே கட்டிக்கொடுத்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஏனென்றால் அவர்கள் அங்கே போய்வந்தவர்கள்.

பார்த்து எழுதுவதை நிறுத்த ஒரே ஒரு விதி. வாசி, மூடு, சிநேகிதருக்குச் சொல்லு, அப்புறம் எழுது. புத்தகம் திறந்திருக்கும்போது பென்சில் கையில் இருக்கக்கூடாது.

ஆறாம் படி: ஆம் விகுதி

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நினைக்கிறேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் அடிக்குறிப்பு, மேற்கோள் என்று என்னென்னவோ போடுகிறார்கள், ஒரு செய்தி எங்கிருந்து வந்தது என்று காட்டுவதற்காக. பத்து வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிப் பழக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் தினமும் வாயால் அதைச் செய்கிறார்கள் என்று கவனித்தேன். "நேத்து ராத்திரி பத்தாம் நம்பர் மலையில சிறுத்தை வந்துச்சாம்." அந்த "ஆம்" போதும், அவன் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள்.

அதனால் எங்கள் வகுப்பில் மூன்று முடிவு. கண்ணால் பார்த்ததா, "இருக்கிறது" என்று முடி. ஒருவர் சொன்னதா, "இருந்ததாம்" என்று முடி, சொன்னவர் யார் என்றும் போடு. நீயே யோசித்ததா, "இருந்திருக்கலாம்" என்று முடி. நாலு படி இருக்கிறது. துரை இருந்தாராம், அம்மாயி சொன்னார். வரிசையாக மரம் நிற்பதால் அங்கே வீடு இருந்திருக்கலாம். எழுதியதை வாசிக்கும்போது வசனத்தின் வாலை மட்டும் தொட்டுத் தொட்டு, "நீ பார்த்தியா?" என்று கேட்டாலே பிள்ளை தானாகத் திருத்திக்கொள்ளும். புத்தகத்தில் வாசித்தது என்றால் புத்தகத்தின் பெயரும் பக்கமும். இதற்கு மேல் ஆரம்பப் பிரிவில் வேண்டியதில்லை.

ஆட்கள் முரணாகச் சொல்லும்போது இது கைகொடுக்கும். அம்மாயி துரை பங்களா என்றார். மேல் லயத்துத் தாத்தா, "பங்களாவும் இல்ல ஒண்ணும் இல்ல, துரையோட குதிரைக் கொட்டில்தான்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். எது சரி டீச்சர் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது. இரண்டையும் எழுதுங்கள், இரண்டுக்கும் "ஆம்" போடுங்கள் என்றேன்.

சில முரண்கள் மட்டும் அவிழும். இலங்கைக்குத் தேயிலை எப்போது வந்தது என்று தேடிய குழுவில் ஒருத்தி 1824 என்று கொண்டுவந்தாள், இன்னொருவன் 1867. சண்டை. இரண்டையும் திரும்ப வாசிக்க வைத்தேன். 1824இல் சீனாவிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு ஒரு செடி வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் வியாபாரத்துக்காக நட்டார். பதில் இரண்டும் சரி, கேள்விதான் இரண்டு. அன்றைக்கு அந்தக் குழு தன் கேள்வியையே திருத்தி எழுதியது, எனக்கு அது ஒரு கட்டுரையை விடப் பெரிதாகப் பட்டது.

ஏழாம் படி: குவிப்பது

எல்லாக் குறிப்பையும் ஒரு செய்திக்கு ஒரு சீட்டு என்று துண்டு துண்டாக வெட்டி நிலத்தில் பரப்புங்கள். ஒரே மாதிரியானவை ஒரு குவியல். குவியலுக்குப் பெயர். பிறகு நூல் கட்டி, குவியல்களை எந்த வரிசையில் சொல்லலாம் என்று கொடியில் தொங்கவிடச் சொல்லுங்கள், இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். எங்கும் சேராத சீட்டுகள் சவர்க்காரப் பெட்டிக்குள். கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததை விட்டுவிடப் பிள்ளைக்கு மனசு வராது, பெட்டி இருந்தால் எறிந்த மாதிரி இருக்காது.

எட்டாம் படி: எழுத்து

முதலில் வாயால். கொடியைப் பார்த்துக்கொண்டே சிநேகிதருக்கு முழுசாகச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் பென்சில். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதட்டும், திருத்த இடம் வேண்டும். முதல் எழுத்தில் ன, ண, ர, ற, ல, ள, ழ எதையும் பார்க்காதீர்கள். எனக்கும் கை பரபரக்கும். சிவப்புப் பேனையை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன்.

வீட்டுப் பேச்சை என்ன செய்வது? ஆட்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதலாம், மேற்கோள் குறிக்குள். காம்பரா, பீலி, கவ்வாத்து, பிரட்டு எல்லாம் நம் சொற்கள், அவற்றை அடித்துவிட்டு "அறை", "கத்தரித்தல்" என்று எழுத வைத்தால் பிள்ளை அடுத்த வசனத்திலேயே கம்பளத்தை விரித்துவிடும். சொந்த வசனம் மட்டும் எழுத்துத் தமிழில் இருந்தால் சரி.

எழுத்தே இன்னும் கூடாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்கள் சொல்ல, நீங்களோ மேல் வகுப்பு அக்காவோ எழுதுங்கள், பிறகு அதையே பார்த்து எழுதட்டும். தன் வாயிலிருந்து வந்த வசனத்தை வாசிப்பது லேசு. நல்ல கேள்வி கேட்கிறவர்களும் அநேகமாக இவர்கள்தான், எழுதத் தெரியாததால் கேட்டே வளர்ந்தவர்கள்.

ஒன்பதாம் படி: திருத்துவது

ஒரு பையனின் முதல் எழுத்து இது:

"பங்களா மலை எங்கள் தோட்டத்தில் உள்ளது. அது பெரிய மலை. அங்கே பங்களா இருந்தது. எனக்குப் பங்களா மலை பிடிக்கும்."

இவன்தான் மரம் வரிசையில் நிற்காது என்று சொன்னவன். எழுதும்போது எல்லாம் காணாமல் போய்விட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துப் பிள்ளைக்கு உரக்க வாசிக்கச் சொன்னேன். கேட்கிற பிள்ளைக்கு இரண்டு வேலை மட்டும்: விளங்காத ஓர் இடத்தைச் சொல்வது, இன்னும் கேட்க ஆசையான ஓர் இடத்தைச் சொல்வது. "நல்லா இருக்கு" என்று சொல்ல அனுமதியில்லை. மூன்று தடவை வாசித்து எழுதியபின் வந்தது:

"ஏழாம் நம்பர் மலையைப் பங்களா மலை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அங்கே பங்களா இல்லை. நாங்கள் போய்ப் பார்த்தோம். நாலு கருங்கல் படி இருக்கிறது. படி ஏறினால் வீடு இல்லை, தேயிலைதான் இருக்கிறது. மூன்று சைப்ரஸ் மரம் வரிசையாக நிற்கிறது. யாரோ நட்டிருக்கலாம். அம்மாயி சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு துரை இருந்தாராம், அவர் நாய் வளர்த்தாராம். மேல் லயத்துத் தாத்தா அது குதிரைக் கொட்டில் என்கிறார். குதிரைக்கு எதற்குப் படி?"

அந்தக் கடைசிக் கேள்வியை நான் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

எழுத்துப்பிழை கடைசிச் சுற்றில். ஒரு சுற்றுக்கு ஒரு பிழை வகை, இன்றைக்கு ர, ற மட்டும், நாளைக்கு ஒற்று மட்டும். பிழையைத் திருத்திக் கொடுக்காமல் வரி ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், எங்கே என்று பிள்ளை தேடட்டும்.

பத்தாம் படி: வாசிக்க ஆள்

டீச்சர் மட்டும் வாசிக்கப்போகிற எழுத்து டீச்சருக்காக எழுதியதாகவே இருக்கும். எல்லாவற்றையும் நல்ல தாளில் எழுதி, படம் கீறி, நூலால் தைத்து ஒரு கையெழுத்துச் சஞ்சிகை ஆக்குங்கள். ஒரு காலத்தில் நம் பாடசாலைகளில் இது சாதாரணமாக நடந்த விஷயம், எப்படியோ விட்டுப்போயிற்று. பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகள் வாசிக்கட்டும். செய்தி சொன்ன ஒவ்வொருவருக்கும் அவர் சொன்ன பகுதியைப் போய் வாசித்துக் காட்டவேண்டும், இது கட்டாயம். வாசிக்கத் தெரியாத அம்மாயி தன் வார்த்தை தாளிலிருந்து வருவதைக் கேட்கிற முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும், அதோடு தவறாக எழுதியிருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.

புள்ளி போட்டே ஆகவேண்டும் என்றால் நான் பார்ப்பது நாலு: சொந்தக் கேள்வி இருக்கிறதா, குறைந்தது இரண்டு இடத்தில் தேடியிருக்கிறதா, வசன முடிவுகள் உண்மையா, முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதா. கையெழுத்து அழகுக்குப் புள்ளியில்லை.

"இதெல்லாம் ஸ்கொலர்ஷிப்புக்கு வருமா டீச்சர்?" என்று கட்டாயம் கேட்பார்கள். இதே கேள்வி வராது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஆனால் பந்தியை வாசித்துப் பதில் சொல்லும் கேள்விகளில் என் பிள்ளைகள் இப்போது விரலை வைத்து "இங்கே இருக்கு" என்று காட்டுகிறார்கள், முன்பு ஊகித்து எழுதுவார்கள். பெற்றோருக்கு அதைக் கொப்பியில் காட்டினால் பேச்சு அடங்கும்.

சஞ்சிகை கட்டும்போது ஒன்று மறக்காதீர்கள், கடைசியில் நாலைந்து வெற்றுத்தாள் சேர்த்து, "உங்களுக்கு வேறு விதமாகத் தெரிந்தால் இங்கே எழுதவும்" என்று மேலே போட்டுவிடுங்கள். எங்கள் சஞ்சிகை லயம் லயமாகச் சுற்றி மூன்று கிழமை கழித்து, அட்டையில் தேத்தண்ணிக் கறையோடு திரும்பி வந்தது. வெற்றுத்தாளில் ஸ்டோரில் வேலை செய்து பென்சனான ஒருவர் பென்சிலால் எழுதியிருந்தார்: துரையும் இல்லை, குதிரையும் இல்லை, அங்கே இருந்தது பெரிய கிளாக்கரின் வீடு, கிளாக்கருக்குப் பெருமை அதிகம், அதனால் கேலியாக வைத்த பெயராம். "ஆம்" போட்டிருந்தார்.